என்டெபேயில் மிஞ்சும் அரை நாள்: பூங்காவா, ஜூவா, சிம்பன்சித் தீவா, சதுப்பா?

உகாண்டாவுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் என்டெபேயில் கொஞ்ச நேரம் மிஞ்சும். தலைநகர் கம்பாலா என்றாலும் விமானம் இறங்குவது அதற்குச் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, விக்டோரியா ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்டெபேயில்தான். நள்ளிரவில் வந்து இறங்கி மறுநாள் காட்டுக்குக் கிளம்புகிறவர்கள், இரவு விமானத்துக்காகப் பகல் முழுக்கக் காத்திருப்பவர்கள், கம்பாலாவில் வேலை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: தாவரவியல் பூங்காவா, வனவிலங்கு மையமா, ங்காம்பா சிம்பன்சித் தீவா, ஷூபில் பறவைக்காக மபாம்பா சதுப்பா?

நான்கும் நல்ல இடங்கள். ஆனால் எங்கே அதிக விலங்கு இருக்கிறது என்று பட்டியல் போட்டு முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய் நிற்பீர்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம். பார்க்கும் நேரத்தை மட்டும் எண்ணக் கூடாது. விடுதி வாசலில் ஏறி மறுபடி அதே வாசலில் இறங்கும் வரை எண்ண வேண்டும். பூங்காவுக்கு இரண்டும் ஒன்றேதான். ங்காம்பாவில் சிம்பன்சியைப் பார்ப்பது ஒரு மணி நேரம் போல. அதற்குச் செலவாவது ஐந்து மணி நேரம்.

இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை: இதற்குப் பிறகு எங்கே போகிறீர்கள்? மர்ச்சிசன் அருவிப் பூங்காவுக்குப் போகிறவருக்குச் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் அங்கே புல்வெளியிலேயே நடமாடும். கிபாலே காட்டில் சிம்பன்சியைத் தேடி நடக்கப்போகிறவர், அதற்கு முதல்நாள் தீவுக்குப் பெரும்பணம் கொடுக்க வேண்டுமா என்று யோசிக்கலாம். என்டெபேயோடு திரும்புகிறவருக்கு இதே கணக்கு தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, விலங்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது. வேலிக்குள் இருந்தாலும் கட்டாயம் பார்த்துவிட வேண்டும் என்கிறவர் ஒரு வகை. பார்க்காமல் போனாலும் சரி, அது தன் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறவர் இன்னொரு வகை. இதில் சரி, தவறு இல்லை. ஒரே குழுவில் இரண்டு வகையும் இருந்தால் முன்பே பேசி முடித்துவிடுங்கள். படகில் ஏறிய பிறகு பேசினால் பயனில்லை.

நான்காவது, தலைக்கு எவ்வளவு. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு. படகும் காரும் மொத்தத்துக்கு. அதனால் தனியாள் கணக்கும் நான்கு பேர் கணக்கும் வேறு வேறு.

கடைசியாக உடம்பு: முழங்கால், படகுக் குமட்டல், சளி. சளி இங்கே எதற்கு என்பது ங்காம்பா பகுதியில் வரும்.

| | தாவரவியல் பூங்கா | வனவிலங்கு மையம் | ங்காம்பா தீவு | மபாம்பா சதுப்பு |
|---|---|---|---|---|
| என்டெபேயிலிருந்து போய்த் திரும்ப | 2 மணி | 3 மணி | சுமார் 5 மணி | 5 முதல் 6 மணி |
| செலவு, ஆளுக்கு | சில டாலர் | பத்துப் பதினைந்து டாலர் அளவில் | நூறு டாலரைத் தாண்டும். ஆள் கூடினால் குறையும் | படகு, கார், வழிகாட்டி பங்கிட்டு |
| கட்டாயம் கண்ணில் படுவது | குரங்கு, பறவை, பெருமரங்கள் | சிங்கம், சிம்பன்சி, ஷூபில் | சிம்பன்சி | கோரைப் புல். ஷூபில் யோகம் |
| விலங்கின் நிலை | சுதந்திரம் | வேலிக்குள் | பகலில் காடு, இரவில் கொட்டகை | சுதந்திரம் |
| போக ஏற்ற வேளை | காலை 7–10, மாலை 4–6 | காலை திறந்ததும் | காலைப் படகு | விடியலில் |
| கெடுப்பது எது | வார இறுதிக் கூட்டம், இசை | பள்ளிப் பேருந்துகள் | அலை, காற்று | மழை, தாமதம் |

கட்டணங்கள் மாறுபவை. அட்டவணையில் உள்ளது ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்று காட்டத்தான்.

## தாவரவியல் பூங்கா: மலிவு, ஆனால் கண் பழக வேண்டும்

பிரிட்டிஷார் 1898இல் தொடங்கிய இந்தப் பூங்காவின் நோக்கம் அழகு அல்ல. ரப்பர், கொக்கோ, காபி போன்ற பணப்பயிர்கள் இந்த மண்ணில் பிடிக்குமா என்று நட்டுப் பார்க்கும் சோதனைத் தோட்டம் அது. அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. ஊட்டி மாதிரி மலர்ப்பாத்தியும் கண்ணாடி வீடும் எதிர்பார்த்துப் போனால், 'இவ்வளவுதானா' என்று பத்து நிமிஷத்தில் திரும்பிவிடத் தோன்றும். சரிவான புல்வெளி, ஆங்காங்கே பெருமரங்கள், ஒரு பக்கம் வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டு, கீழே ஏரி. மொத்தம் ஏறத்தாழ 40 ஹெக்டேர்.

இதன் பெருமை மரத்தின்மேல் இருக்கிறது. கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள் உச்சிக் கிளைகளில் குடும்பமாக உட்கார்ந்திருக்கும். தோளிலிருந்து வெள்ளை முடி சால்வை போலத் தொங்கும். கட்டைவிரல் இல்லாத குரங்கு இது. நம் நீலகிரிக் கருமந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் இலை தின்று வாழும் ஒரே துணைக்குடும்பம். இந்தப் பகுதியின் லுகாண்டா மொழியில் இதற்கு 'எங்கேயே' என்று பெயர். அந்த மொழி பேசும் புகாண்டா மக்களின் குலங்களில் ஒன்றுக்கு இதுதான் குலச்சின்னம்; அந்தக் குலத்தார் இதை உண்ண மாட்டார்கள். தரையில் துள்ளி உங்கள் பையை நோட்டம் விடுவது கொலோபஸ் அல்ல, வெர்வெட் குரங்கு. பிஸ்கட் பொட்டலத்தின் சரசரப்பு அதற்கு அழைப்பு மணி. வாழைப்பழத்தைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

பறவை பார்ப்பவர்களுக்கு இரண்டு மணி நேரமும் போதாது. டுராக்கோ இனத்திலேயே பெரியதான நீல டுராக்கோ முக்கால் மீட்டர் நீளத்தில் கிளைமேல் ஓடும். பறப்பதைவிட ஓடுவதில்தான் அதற்கு நம்பிக்கை அதிகம். ராஸ் டுராக்கோ இறக்கையை விரித்தால் தெரியும் ரத்தச் சிவப்பில் செம்பு கலந்திருக்கிறது, உண்மையான தாமிரம். கறுப்பு வெள்ளை இருவாச்சி கத்துவது குழந்தை வீறிடுவது போலிருக்கும். எண்ணெய்ப் பனையின் பழத்தை உண்ணும் கழுகும் இங்கே உண்டு. கழுகு என்றால் பிணந்தின்னி என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சாயங்காலம் சாம்பல் கிளிகள் கூட்டமாக அடையும்.

மறைசெலவு வழிகாட்டிதான். மரங்களில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை இருக்காது, இருந்தாலும் படிக்க முடியாது. வாசலில் வழிகாட்டிகள் நிற்பார்கள். கட்டணத்தைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். 'உங்கள் விருப்பம்' என்று சொன்னால் முடிவில் சங்கடம். பறவை தெரிந்தவரா, மரம் தெரிந்தவரா என்றும் கேளுங்கள். இரண்டும் தெரிந்தவர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பெரிய காமெராவுக்கும் உள்ளே கொண்டுபோகும் காருக்கும் தனிக் கட்டணம் உண்டா என்று சீட்டு வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஒன்று, சனி ஞாயிறு பிற்பகலில் போவது. கல்யாணப் படப்பிடிப்பு, பிக்னிக், ஒலிபெருக்கி என்று களைகட்டும். ஊர்க்காரர்களின் மகிழ்ச்சி அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பறவை காட்டுத்துண்டுக்குள் ஒதுங்கிவிடும். இரண்டாவது, ஏரிக்கரையில் காலை நனைப்பது. விக்டோரியா ஏரியின் ஓரத் தண்ணீரில் நத்தைகள் வழியே பில்ஹார்சியா ஒட்டுண்ணி இருக்கிறது. முழங்கால் அளவு நீரில் சில நிமிஷம் நின்றாலே தோல் வழியாக நுழையும். வாரங்கள் கழித்துத்தான் காய்ச்சலாகத் தெரியும். குழந்தைகளைக் கரையில் தனியே விடாதீர்கள், தடுப்பு வேலி கிடையாது.

காட்டுத்துண்டுக்குள் போகும்போது பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வரிசையாகப் போகும் சஃபாரி எறும்புகளை மிதித்தவர்கள் நடனமாடியபடியே வெளியே வருவார்கள்.

## வனவிலங்கு மையம்: நிச்சயம் வேண்டுமென்றால்

இதன் முழுப்பெயரைச் சொன்னால் போடா-போடா என்னும் வாடகை மோட்டார்சைக்கிள் ஓட்டுபவருக்குப் புரியாமல் போகலாம். 'ஜூ' என்றால் போதும். 1952இல் அநாதைக் குட்டிகளுக்கான காப்பகமாகத் தொடங்கியது. பிறகு வழக்கமான மிருகக்காட்சிசாலையாகி, 1994இல் கல்வி மையம் ஆனது. கடத்தலில் பிடிபட்டவை, கண்ணியில் சிக்கி ஊனமானவை, தாயை இழந்தவை என்று பல விலங்குகள் இப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தன. அதனால் இதை வெறும் மிருகக்காட்சிசாலை என்று ஒதுக்குவதும் சரியல்ல, முழுச் சரணாலயம் என்று நம்பிப் போவதும் சரியல்ல. வேலி வேலிதான்.

புல்வெளி, சதுப்பு, காடு என்று வாழிடம் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். சிம்பன்சிகளுக்கு அகழி சூழ்ந்த தனித்தீவு. சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது என்பதால் தண்ணீரே மதில். சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, முதலை எல்லாம் ஒரே நடையில் வரும். ஷூபிலும் இங்கே உண்டு, மிக அருகில். மபாம்பாவில் ஐந்து மணி நேரம் செலவழித்தும் கிடைக்காமல் போகக்கூடிய முகத்தை இங்கே ஐந்து நிமிஷத்தில் நிமிர்ந்து பார்த்துவிடலாம். எந்த விலங்குக்காகப் போகிறீர்களோ அது இன்று வெளியே விடப்பட்டிருக்கிறதா என்று வாசலில் கேளுங்கள். சிகிச்சைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் உள்ளே வைத்திருக்கும் நாட்கள் உண்டு.

யாருக்கு ஏற்றது? பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதுதான். நல்ல பாதை, கழிப்பறை, உணவகம், நிழல் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கும் பூங்காவின் சரிவைவிட இது தேவலை.

நுழைவுச்சீட்டைத் தாண்டி இங்கே செலவு வைப்பது கூடுதல் நிகழ்ச்சிகள்: திரைமறைவைச் சுற்றிக்காட்டுவது, ஒருநாள் பராமரிப்பாளராக இருப்பது, சிம்பன்சிக் குட்டியை அருகில் பார்ப்பது என்று. சிலவற்றின் கட்டணம் நுழைவுச்சீட்டைப் போலப் பல மடங்கு. தூக்கிக் கொஞ்ச அனுமதிக்கும் நிகழ்ச்சிகளைத் தவிர்க்கலாம். படம் நன்றாக வரும். ஆனால் சிம்பன்சி செல்லப்பிராணி என்ற எண்ணத்தை அந்தப் படமே பரப்பும், அந்த எண்ணம்தான் குட்டிக் கடத்தலுக்கு எண்ணெய் ஊற்றுகிறது. திரைமறைவுச் சுற்று வேறு விஷயம். சமையலறையும் மருத்துவப் பகுதியும் பார்த்தால் அடைப்பின் முன்னால் நின்று கேட்காத கேள்விகள் தோன்றும்.

பள்ளி திறந்திருக்கும் காலத்தில் வாரநாட்களில் பத்து மணிக்கு மேல் பேருந்து பேருந்தாக மாணவர்கள் வந்து இறங்குவார்கள். இது அவர்களுக்காகவே நடத்தப்படும் இடம். நாம்தான் ஒதுங்க வேண்டும். திறந்தவுடன் போங்கள். அந்த நேரத்தில்தான் சிங்கமும் எழுந்து நடக்கும். பதினொன்றுக்கு மேல் அது நிழலில் கிடக்கும் மஞ்சள் மூட்டை.

## ங்காம்பா தீவு: பணமும் பொழுதும் இருந்தால்

என்டெபேக்குத் தென்கிழக்கே 23 கிலோமீட்டர். தாவரவியல் பூங்காவின் அளவேதான் இந்தத் தீவும், ஏறக்குறைய 100 ஏக்கர். அதில் 95 ஏக்கர் காடு. 1998 அக்டோபரில் சிம்பன்சிக் காப்பகமாகத் தொடங்கிய இடத்தில் இன்று ஐம்பது சிம்பன்சிகள் அளவில் வாழ்கின்றன. ஒரு குட்டியைப் பிடிக்க அதன் தாயையும் காக்க வரும் மற்றவற்றையும் கொன்றாக வேண்டும். இங்கே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அப்படி ஒரு கணக்கு.

ஐம்பது சிம்பன்சிக்கு 95 ஏக்கர் காடு தீனி போடாது. இயற்கையில் ஒரு கூட்டமே பல சதுர கிலோமீட்டர் சுற்றித் திரியும். ஆகவே பழமும் காய்கறியும் படகில் வந்து இறங்குகின்றன. தீவு கொள்ளாது என்பதால் பெண் சிம்பன்சிகளுக்குக் கருத்தடை வைக்கிறார்கள். இந்தத் தீனி நேரத்தை ஒட்டித்தான் பார்வையாளர் நேரமும்: காலை 11, பிற்பகல் 2:30. உயர்த்திக் கட்டிய மேடையிலிருந்து மின்வேலிக்கு அப்பால் பார்க்கலாம். உணவு வேளை நெருங்கும்போது காட்டுக்குள்ளிருந்து கூச்சல் கிளம்பும். பிறகு வரிசையாக வரும். கையை நீட்டிக் கேட்பது, குச்சியால் பழத்தை இழுப்பது, கைநிறைய அள்ளிக்கொண்டு நிமிர்ந்து நடப்பது, தலைவன் உரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஓடுவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கும். பராமரிப்பாளர்களுக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரியும், வரலாறும் தெரியும். அவர்களைப் பேச விடுங்கள். படம் எடுப்பதில் மட்டும் கவனம் வைத்தவர் கொடுத்த பணத்தில் பாதியை அங்கேயே விட்டு வருகிறார்.

விரைவுப்படகில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஞ்சின் பொருத்திய பெரிய மரப்படகில் அதைப் போல இரண்டு மடங்கு. மரப்படகு மலிவு, ஆனால் அலை எழும்பினால் திரும்பும்போதுதான் அந்த மலிவு புரியும். போகிற வழியில் பூமத்திய ரேகையைக் கடப்பீர்கள்: என்டெபே அதற்குச் சற்று வடக்கே, ங்காம்பா சற்றுத் தெற்கே. தண்ணீரில் கோடு தெரியாது. படகோட்டி காட்டும் இடத்தை நம்புங்கள், அல்லது கைபேசியைப் பாருங்கள்.

காலைப் படகா, பிற்பகல் படகா? காலை. பிற்பகலில் ஏரிக்காற்று எழும்பி அலை கூடும். காலையிலும் ஒரு சிக்கல் உண்டு: ஏரிமேல் இரவில் திரளும் இடிமழை சில நாள் விடியலில் என்டெபே கரையில் வந்து கொட்டும். பெரும்பாலும் புறப்படும் நேரத்துக்குள் வெறித்துவிடும். வெறிக்காவிட்டால் மறுநாளுக்கு மாற்றித்தருவார்களா, பணம் திரும்புமா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் இல்லாதவர், அதாவது அன்றிரவே விமானம் ஏறுகிறவர், ங்காம்பாவைத் தொடாமல் இருப்பது நல்லது. பிற்பகல் படகு அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

படகுச் செலவு ஆட்களுக்குள் பங்கிடப்படுவதால் தனியாக வருகிறவருக்குத்தான் பெரிய அடி. ஏற்கெனவே பதிவான குழுவோடு சேர்த்துவிட முடியுமா என்று கேளுங்கள், பலநேரம் முடியும். தலைக்கு இவ்வளவு என்று சொல்லும்போது தீவு நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, படகு மட்டுமா என்பதும் கேட்க வேண்டியது. மலிவாகத் தெரியும் விலையில் அடிக்கடி விட்டுப்போவது அந்த நுழைவுக் கட்டணம்தான்.

இனி சளி. மனிதரின் சாதாரண ஜலதோஷம் சிம்பன்சிக் கூட்டத்தில் நிமோனியாவாகி உயிரெடுக்கும். மூக்கு ஒழுகினால் போகாதீர்கள். மேடையில் முகக்கவசம் போடச் சொன்னால் போடுங்கள். சிம்பன்சிகளோடு நேரடித் தொடர்பு உள்ள சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு மஞ்சள் காய்ச்சல், மஞ்சள் காமாலை, தட்டம்மை, போலியோ முதலிய தடுப்பூசிச் சான்றுகளும் காசநோய் இல்லை என்ற பரிசோதனையும் கேட்பார்கள். கிளம்பும் வாரத்தில் ஓடித்திரிந்து சேர்க்க முடியாத பட்டியல் அது. ஆனால் மேடையிலிருந்து பார்ப்பதே பெரும்பாலோருக்குப் போதும்.

கிபாலே காட்டுக்குப் போகிறவர் இதைத் தவிர்க்கலாமா? தவிர்க்கலாம், ஒரு விதிவிலக்கோடு. கிபாலேயில் நடையும் ஓட்டமுமாக, இலைகளுக்கு நடுவே, உச்சிக்கிளையில் ஒரு கறுப்பு உருவமாகப் பார்ப்பதும் உண்டு. முகபாவம் தெரியப் பார்க்க வேண்டும் என்றால், நீண்ட நடை முடியாது என்றால், ங்காம்பாதான்.

## மபாம்பா சதுப்பு: ஒரே பறவைக்காக ஒரு விடியல்

ஷூபில் ஒன்றேகால் மீட்டர் உயரம், சாம்பல் நிறம், மரச்செருப்பைக் கவிழ்த்து வைத்தது போன்ற அலகு. மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். பிறகு முழு உடம்போடு தண்ணீரில் விழுந்து நுரையீரல் மீனைக் கவ்வும். அந்த மீனுக்கு லுகாண்டாவில் 'எம்மாம்பா'. மபாம்பாவில் ஷூபில் நிற்பதற்குக் காரணமே அந்த மீன்தான். முன்பு மீனவர்கள் இந்தப் பறவை கண்ணில் பட்டால் அன்று வலை காலி என்று விரட்டினார்கள், கொன்றார்கள். அதே ஊர் ஆட்கள்தான் இப்போது அதைக் காட்டிப் பிழைக்கிறார்கள். 2006 முதல் ராம்சார் என்னும் சர்வதேசச் சதுப்புநிலப் பட்டியலில் உள்ள சதுப்பு இது.

கோரைப்புல்லுக்கு நடுவே கழி ஊன்றித் தள்ளும் ஒடுங்கிய மரப்படகில் மூன்று நான்கு பேர் போகலாம். எழுந்து நிற்கக் கூடாது. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கள். கொடுப்பதை மாட்டுங்கள், மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். என்டெபேயிலிருந்து சாலையில் கசாஞ்சே ஊர் வழியாகச் சுற்றிப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும், மழையில் மண்சாலை இழுக்கும். ஏரி வழியே படகில் நேராகப் போனால் நேரம் மிச்சம், பணம் கூடுதல். ஏழு மணிக்குச் சதுப்பில் இருந்தால் யோகம் அதிகம். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் கோரைப்புல் பார்த்துத் திரும்பிய கதைகள் நிறைய.

பறவை பார்ப்பவருக்கு இது புண்ணியத் தலம். அல்லாதவருக்கு ஷூபில் கிடைக்காத நாளில் இரண்டு மணி நேரம் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்ததாகவே நினைவிருக்கும். குடும்பத்தோடு போகிறவர் இதை நன்றாக யோசிக்கட்டும்.

## யார் எதை எடுப்பது

மூன்று நான்கு மணி நேரம் மட்டும் மிஞ்சுகிறது என்றால் பூங்கா. விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரம். எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொண்டு கிளம்பலாம். படகை நம்பும் இரண்டிலும் இந்த வசதி இல்லை.

அரை நாள் முழுசாக இருந்து, காட்டுப் பயணம் எதுவும் திட்டத்தில் இல்லாவிட்டால், திறந்தவுடன் ஜூ, மதியச் சாப்பாடு, நான்கு மணிக்குப் பூங்கா. இரண்டும் ஒரே ஏரிக்கரையில், போடாவில் ஐந்து நிமிஷம். இந்த இணைப்பைவிடக் குறைந்த செலவில் என்டெபேயில் ஒரு நல்ல நாள் அமையாது.

கொரில்லாவுக்கோ மர்ச்சிசனுக்கோ போகிறவர் ஜூவை விட்டுவிடலாம். அவருக்கு வந்திறங்கிய மறுநாள் காலை பூங்காவில் நடப்பது பயணக் களைப்புக்கு மருந்து. ஆப்பிரிக்கப் பறவைகளுக்குக் கண்ணும் பழகும்.

முழுநாள், நான்கு பேர், கையில் பணம், கிபாலே இல்லை: ங்காம்பா. திரும்பியதும் பூங்காவில் மாலை. மபாம்பாவையும் ங்காம்பாவையும் ஒரே நாளில் சேர்த்து விற்பார்கள். விடியலில் சதுப்பு, பிற்பகல் 2:30 தீனி என்று காகிதத்தில் பொருந்தும். ஷூபில் தாமதமாகக் கிடைத்தால் இரண்டாவது கெடும், நேரத்தில் கிளம்பினால் முதலாவது கெடும். வேண்டாம்.

வயதான பெற்றோருடன் வருகிறவர் பூங்காவுக்குள் காரோடு போய், ஏரி தெரியும் மரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுச் சுற்றிவரலாம். ஒடுங்கிய மரப்படகில் அவர்களை ஏற்றாதீர்கள்.

## சீட்டில் எழுதாத செலவுகள்

கம்பாலாவில் தங்கியிருப்பவருக்குப் பெரிய செலவு சாலை. பழைய என்டெபே சாலையில் ஒரு மணி நேரப் பயணம், காலையிலும் மாலையிலும் இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். விரைவுச்சாலைக்கு 2022 முதல் சுங்கம் உண்டு, தயங்காமல் கொடுங்கள். 'டாக்ஸி' என்று ஊரார் சொல்வது பதினான்கு பேர் ஏறும் வேனை. தனிக் கார் வேண்டுமென்றால் 'ஸ்பெஷல் ஹயர்' என்று கேட்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

டாலர் நோட்டு பழையதாக, கசங்கியதாக, கிறுக்கியதாக இருந்தால் வாங்க மாட்டார்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளுக்கு மாற்று விலை குறைவு. புதிய நூறு டாலர் நோட்டுகளை ஷில்லிங்காக மாற்றி, சிறு கட்டணங்களை ஷில்லிங்கிலேயே கொடுப்பது லாபம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று உகாண்டாவுக்குள் நுழையவும் வேண்டும், இந்தியா திரும்பவும் வேண்டும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மலேரியா ஆண்டு முழுக்க உண்டு. மாலைப் பூங்காவுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், மாத்திரையைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஏரிமேல் புகைத்தூண் போல எழும்புவது கொசு அல்ல, ஏரிப்பூச்சி. கடிக்காது, ஆனால் வாயைத் திறந்தால் உள்ளே போகும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஜூவைத் தவிர வேறெங்கும் உணவை நம்பிப் போக முடியாது. சாலையோரம் 'கிகோமாண்டோ' என்று கேளுங்கள்: சப்பாத்தியைத் துண்டாக்கி அவித்த பீன்ஸோடு தருவார்கள். 'ரோலெக்ஸ்' கடிகாரமல்ல, முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. மத்தோக்கே வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும் கிடைக்கும் இடத்தில் விடாதீர்கள்.

அன்றிரவே விமானம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். விமான நிலைய நுழைவில் பயணிகளை இறக்கி ஆளையும் காரையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள், அதற்கே வரிசை நிற்கும். ஆகவே பூங்காவிலிருந்து கால் மணி நேரம்தானே என்று கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். சதுப்பிலிருந்து நேரே வருகிறவர் உலர்ந்த மாற்றுடையையும் செருப்பையும் காரிலேயே வைத்திருக்கட்டும்; கோரைச்சேறு காய்ந்தபின் வரும் வாடையோடு எட்டு மணி நேரம் பக்கத்து இருக்கைக்காரர் உட்கார வேண்டும்.